ரைஸ் லேக்கில் தூண்டில் போடப் போகிறீர்களா? லைசென்ஸ் இலகுவான பகுதி, கஷ்டம் மற்றதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது. தந்தையர் தின வார இறுதியில் குடும்பத்தோடு ரைஸ் லேக் போக நினைக்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் மனைவியும் 12 வயது மகனும் ஸ்காபரோவில் இருக்கிற ஆக்கள். கூடவே வவுனியாவில் இருந்து விசிட் வந்திருக்கும் 68 வயது அப்பாவும், லண்டனில் இருந்து வந்திருக்கும் அக்காவின் 15 வயது மகளும் வருகிறார்கள். நல்ல பாஸ் (bass) மீன் நாலைந்து பிடித்துக் கொண்டுவந்து பொரிக்க வேண்டும். "எல்லாரும் போடலாம்தானே?"

எல்லாரும் போட ஏலாது. அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் குறித்திருக்கும் சனி ஞாயிறில் பாஸ் பிடிக்கவே அனுமதி இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஆக்களைப் பார்ப்போம். இந்த மாகாணத்தில் தூண்டில் போடுகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: ஒன்ராறியோவில் வசிப்பவர், கனடாவின் வேறு மாகாணத்தில் வசிப்பவர், கனடாவில் வசிக்காதவர். குடியுரிமை இதில் கணக்கில்லை. வீடு இங்கே இருந்து, கடந்த 12 மாதத்தில் ஆறு மாதம் தொடர்ச்சியாக ஒன்ராறியோவில் வாழ்ந்திருந்தால், ஸ்டூடன்ட் விசாவோ வேர்க் பெர்மிட்டோ, அவர் முதல் வகைதான். கனடாவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். 18க்குக் கீழேயும் 65க்கு மேலேயும் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள ஒரு அடையாள அட்டை கையில் இருந்தால் போதும், அதுவே லைசென்ஸாகக் கணக்கிடப்படும். ஆகவே உங்கள் மகனுக்குப் பிரச்சினை இல்லை. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதில் அவனுக்கு அவனுடைய சொந்தக் கணக்கு உண்டு.

அப்பாவின் விஷயத்தில்தான் எங்கள் ஆக்கள் எல்லாரும் சறுக்குகிறார்கள். "அவருக்கு 65 தாண்டிவிட்டதே" என்பார்கள். அந்த வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். லைசென்ஸ் இல்லாத நாட்களும் அப்படியே. பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதம் அன்னையர் தினம், ஜூனில் தந்தையர் தினம், கனடா தினத்தை ஒட்டி வரும் ஒரு வாரம் என்று வருடத்தில் நான்கு தடவை கதவைத் திறந்து விடுகிறார்கள். ஆனால் விசிட் வந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. அப்பாவுக்கு, கனடாவில் வசிக்காதவருக்கான ஒரு நாள் லைசென்ஸ் எடுங்கள். சுமார் 25 டொலர். இதற்கு, மாகாணம் மீன்பிடிக்கும் வேட்டைக்கும் கொடுக்கும் அவுட்டோர்ஸ் கார்ட் தேவையில்லை, இணையத்திலேயே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுக்க மனமில்லை என்றால் அவர் கதிரையில் இருந்து கதை சொல்லலாம், தடியைத் தொடக்கூடாது. "ஒரு நிமிடம் பிடியுங்கோ அப்பா, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று கொடுப்பதும் மீன்பிடிப்புதான்.

மருமகளின் நிலைமை வேறு. கனடாவில் வசிக்காத 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் போடலாம். அவள் பிடித்து வைத்துக்கொள்ளும் மீன், அந்த லைசென்ஸ்காரரின் கணக்கில் சேரும். அதாவது அவள் இரண்டு பிடித்தால் உங்களுக்கு இரண்டு குறையும். இதனால்தான் சொல்கிறேன், இலவச நாள் என்று பார்க்காமல் நீங்கள் ஒருவராவது லைசென்ஸ் எடுத்து வைத்திருங்கள்.

அவுட்டோர்ஸ் கார்ட் மூன்று வருடத்துக்கு, வரி சேர்க்காமல் 9 டொலருக்குள். அதன் மேல் வருட லைசென்ஸ். ஸ்போர்ட் என்றால் சுமார் 27 டொலர், கன்சர்வேஷன் என்றால் சுமார் 15. இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதில். விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும், பெரிய எண் ஸ்போர்ட்டுக்கு, சிறிய எண் கன்சர்வேஷனுக்கு. வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிற குடும்பத்துக்கு 15 டொலர் லைசென்ஸே தாராளம் என்பது என் எண்ணம். இலவச நாட்களிலும் கன்சர்வேஷன் எண்ணிக்கைதான் செல்லும், கவனம். லைசென்ஸ் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான், ஒக்டோபரில் வருட லைசென்ஸ் வாங்காதீர்கள். போனில் வைத்திருந்தாலே போதும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது, முதலே இறக்கி வையுங்கள்.

இனித்தான் உண்மையான விஷயம்.

லைசென்ஸ் கையில் இருந்தால் எந்த ஏரியிலும் எந்த மீனையும் பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் நானும் வந்த புதிதில் திரிந்தேன். ஒரு மே மாதம், ஒரு மரத்துறையில் மண்புழு கொளுவிப் போட்டுக்கொண்டு நின்றேன். முழங்கை நீளத்தில் ஒரு பாஸ் ஏறியது. கூட வந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், எங்களைப் பார்க்காமலே, "ஜூன் வரைக்கும் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீனைத் திரும்ப விட்டுவிட்டு, அன்றிரவு விதிப் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். அந்த மீன் அப்போது முட்டைக்குக் காவல் நிற்கிற காலம் என்று பிறகுதான் விளங்கியது. ஆண் பாஸ் கூட்டை விட்டு அசையாது. அதைத் தூக்கினால் சன்ஃபிஷ்கள் வந்து நிமிடக் கணக்கில் முட்டையைத் தின்று முடித்துவிடும்.

ஒன்ராறியோவை 20 மீன்பிடி வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வலயத்துக்கும் ஒவ்வொரு மீனுக்கும் தனித் திகதி, தனி எண்ணிக்கை, சிலவற்றுக்குத் தனி நீளம். ஸ்காபரோவில் புளஃபர்ஸ் பார்க்கில் நின்று போட்டால் அது ஒன்ராறியோ ஏரி, 20ஆம் வலயம். வடக்கே சிம்கோ ஏரி 16. நீங்கள் போகும் ரைஸ் லேக்கும் கவார்த்தா ஏரிகளும் 17. ஹாலிபேர்ட்டன் பக்கம் 15. இதற்கு மேல், குறிப்பிட்ட சில நீர்நிலைகளுக்கு விதிவிலக்குகளும், அணைக்கட்டுகளுக்குக் கீழே வசந்த காலத்தில் மூடி வைக்கும் சரணாலயங்களும் உண்டு. ஆகவே "இந்த மாதம் என்ன மீன் பிடிக்கலாம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முதலில் தண்ணீரைத் தெரிவு செய்யுங்கள், பிறகு வலயத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு மீன்.

17ஆம் வலயத்தில் பாஸ் திறப்பது ஜூன் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. தந்தையர் தினம் ஜூனின் மூன்றாவது ஞாயிறு. பெரும்பாலான வருடங்களில் இரண்டும் ஒரே வார இறுதியில் விழும். ஆனால் ஜூன் முதலாம் திகதி ஞாயிறாக வரும் வருடத்தில் கதை மாறும். 2025இல் அப்படித்தான்: தந்தையர் தினம் 15ஆம் திகதி, மூன்றாவது சனி 21ஆம் திகதி. அந்த வருடம் இலவச நாள் என்று நம்பிப் போன எத்தனையோ பேர், லைசென்ஸ் தேவைப்படாத நாளில், பாஸ் மூடியிருந்த ஏரியில் நின்றிருப்பார்கள். உங்கள் வருடத்துக் கலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். மூடிய காலத்தில் "பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோம்" என்பதும் செல்லாது, அந்த மீனைக் குறிவைத்துப் போடுவதே தவறு. தற்செயலாக ஏறினால் உடனே விட வேண்டும்.

பாஸ் மூடியிருந்தாலும் கவலை வேண்டாம். பிக்கரல் என்று இங்கே சொல்லும் வால்ஐ, மே மாதம் இரண்டாவது சனியிலிருந்து நவம்பர் 15 வரை திறந்திருக்கும். 17ஆம் வலயத்தில் ஸ்போர்ட்டுக்கு 4, கன்சர்வேஷனுக்கு 1, அதுவும் 35 முதல் 50 சென்டிமீற்றருக்குள் இருக்க வேண்டும். 34 என்றாலும் 51 என்றாலும் தண்ணிக்குத்தான். பெரியதை ஏன் விடச் சொல்கிறார்கள் என்றால், நிறைய முட்டை இடுகிற தாய் மீன்கள் அவைதான். மூக்கு நுனியிலிருந்து, வாலை ஒடுக்கிப் பிடித்து அதன் நுனி வரை அளப்பதுதான் முறை. தையல் டேப் ஒன்று கொண்டு போங்கள், கண்மதிப்பு எப்போதும் ஆசைப் பக்கம் சாயும்.

ஆனால் குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் பிக்கரலையும் மறந்துவிட்டு சன்ஃபிஷுக்குப் போங்கள் என்பேன். ஒரு தக்கை, மிகச் சிறிய முள், மண்புழுவில் கால்வாசித் துண்டு, கரையோரத்துப் பாசிக்குப் பக்கத்தில் மூன்று அடி ஆழம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தக்கை அமிழும். பெரிய மீனுக்காக மூன்று மணி நேரம் சும்மா நின்ற பிள்ளை அடுத்த தடவை வரமாட்டான். ரைஸ் லேக் ஆழமில்லாத, சேற்றடி ஏரி. புளூகில், பம்ப்கின்சீட், பேர்ச், கிராப்பி எல்லாம் தாராளம். புளூகிலை உப்பும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி முழுதாகப் பொரித்தால், எங்கள் குளத்துச் செப்பலியை நினைவூட்டும். முள் பார்த்துத் தின்னத் தெரிந்த அப்பாவுக்கு அது போதும்.

மீனை அடையாளம் காண ஒரு சின்ன உத்தி. ரொக் பாஸ் என்று சிவந்த கண்ணோடு ஒரு மீன் ஏறும். பெயரில் பாஸ் இருந்தாலும் பாஸ் கணக்கில் சேராது, வேறு இனம். சந்தேகம் வந்தால் அடிப்பக்கத்துப் பின் செட்டையில் உள்ள முட்களை எண்ணுங்கள். பெரியவாய், சின்னவாய்ப் பாஸுக்கு மூன்று, ரொக் பாஸுக்கு ஐந்தோ அதற்கு மேலோ.

இன்னொன்று, விரால் விஷயம். ஒன்ராறியோவின் களை மண்டிய குடாக்களில் போஃபின் என்று ஒரு மீன் உண்டு. நீண்ட முதுகுச் செட்டை, உருண்டை வால், ஊரில் வளர்ந்த எவரும் "அட, விரால்!" என்று கத்திவிடுவார்கள். அது விரால் அல்ல, இந்த மண்ணுக்கே உரிய பழைய மீன். விரால் சேர்ந்த இனத்தை இங்கே ஸ்னேக்ஹெட் என்பார்கள், உயிரோடு வைத்திருப்பதே சட்டவிரோதம். இந்த ஏரிகளுக்குள் அது வந்துவிடக்கூடாது என்று பயப்படுகிறார்கள். இரண்டையும் பிரிக்க, அடிப்பக்கத்துப் பின் செட்டையைப் பாருங்கள்: விராலுக்கு நீளம், போஃபினுக்குக் குட்டை. போஃபினைச் சமைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், சதை களி மாதிரி. விட்டுவிடுங்கள். விலாங்கு ஏறினாலும் விட வேண்டும், அது வருடம் முழுவதும் மூடியது. கேவியர் மீன் என்று சொல்லும் ஸ்டேர்ஜனும் அப்படியே.

இனி வாளியும் கத்தியும். எங்கள் ஆக்கள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான்.

பிடித்த மீனை வாளியில் போட்டுவிட்டு, பெரியது வந்ததும் சிறியதைத் திரும்ப விடுவது கூடாது. வாளிக்குள் போனது உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. காற்றூட்டும் தொட்டி உள்ள படகில் சில இனங்களுக்கு மட்டும் தளர்வு உண்டு. மத்தியானம் கரையில் சுட்டுத் தின்ற மீனும் அன்றைய கணக்கில்தான்.

கரையிலேயே வெட்டிக் கழுவி குழம்புத் துண்டாக்கிக் கொண்டுபோகும் பழக்கத்தை விடுங்கள். கொண்டுபோகும்போது என்ன இனம், எத்தனை மீன் என்று, ஏரிகளில் மீன்பிடியைச் சோதிக்கும் அதிகாரி பார்த்தவுடன் தெரிய வேண்டும். நீளக் கட்டுப்பாடு உள்ள மீன் என்றால் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். துண்டு போட்ட பிக்கரலை எப்படி அளப்பது? என் நண்பர் ஒருவர், அளவான மீனையே பிடித்து, சுத்தமாக வெட்டி, உப்பு மஞ்சள் பிரட்டி ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். தண்டம் கட்டினார். இன்றைக்கும் அவருக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. முழுதாக ஐஸில் வைத்துக் கொண்டுவந்து வீட்டுச் சிங்கில் வெட்டுங்கள். மனைவி ஏசினால் அது வேறு வழக்கு.

பிறகு வீட்டு ஃபிரீசர். ஒரு நாளைக்கு ஆறு பாஸ் என்றால், இன்றைக்கு ஆறு, நாளைக்கு ஆறு என்று சேர்க்கலாம் என்று நினைக்கிறார்கள். வைத்திருக்கக்கூடிய அளவு என்று ஒன்று உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு அது ஒரு நாள் அளவேதான், ஃபிரீசரில் கிடப்பதும் அதற்குள் அடக்கம். பழையதைத் தின்று முடித்தால்தான் புதியது. பக்கத்து வீட்டுக்கு விற்பதோ, கறிவேப்பிலைக் கன்றுக்கு மாற்றுவதோ கூடாது. சும்மா கொடுக்கலாம். தின்னக்கூடிய மீனைப் பிடித்துக் குப்பையில் எறிவதும் குற்றம் என்று விதியில் இருக்கிறது, எனக்குப் பிடித்த விதி அது.

கோடைக்காலத்தில் ஆளுக்கு ஒரு தூண்டில். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லாமல் அவருடைய தடியையும் நீங்கள் ஊன்றி வைத்தால் உங்களுக்கு இரண்டு தூண்டில் ஆகிறது. வலையைக் கொண்டுபோகாதீர்கள், முள்ளில் ஏறிய மீனைத் தூக்கும் கைவலை மட்டும் போதும். இரைக்கு மண்புழுவே திறம். வழியில் பெற்றோல் நிலையங்களிலேயே டப்பாவில் விற்பார்கள். உயிருள்ள சிறு மீனை இரையாக வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2022 முதல் மாகாணத்தை நான்கு இரை வலயங்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு இரை மீன் கொண்டுபோவதைத் தடுத்திருக்கிறார்கள். மிஞ்சிய இரையையும் அந்தத் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டக்கூடாது. பாவம் பார்த்து விடுகிற ஒரு வாளியால்தான் ரவுண்ட் கோபி போன்ற வந்தேறி மீன்கள் ஏரிக்கு ஏரி தாவுகின்றன.

போகிற வழி: 401இல் கிழக்கே போர்ட் ஹோப் வரை, அங்கிருந்து கவுண்டி ரோட் 28இல் வடக்கே ஏறினால் ஏரிக்கரை ஊரான பியூட்லி. ஸ்காபரோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும், வெள்ளி மாலை கிளம்பினால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். சனி விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். பியூட்லியிலும் கோர்ஸ் லாண்டிங்கிலும் படகு வாடகைக்கு விடுகிறார்கள், ஜூன் வார இறுதிக்கு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கரையில் நின்றே போடுவதானால், ஏரி ட்ரென்ட் ஆறாக வெளியேறும் ஹேஸ்டிங்ஸ் ஊர் நல்லது. கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடை தூரம். இந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்று எழும்பினால், ஆழமில்லாத தண்ணீரில் அலை அரை மணி நேரத்தில் படகைத் தூக்கிப் போடும். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட், முக்கியமாக அப்பாவுக்கு. புல்லில் உண்ணி உண்டு, லைம் நோய் பரப்பும் வகை. முழுக் காற்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் தலைமுடிக்குள்ளும் தடவிப் பாருங்கள்.

ஏரிக்கு ஏன் ரைஸ் லேக் என்று பெயர் என்று மகன் கேட்பான். ஒரு காலத்தில் இதில் காட்டு நெல் வயல் மாதிரி விளைந்தது, ஒஜிப்வே மொழியில் மனோமின். ட்ரென்ட் கால்வாய்க்காக அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதும் பெரும்பகுதி மூழ்கி அழிந்தது. வடகரையில் ஹயவாதா, தென்பக்கம் ஆல்டர்வில் என்று இரண்டு முதற்குடிச் சமூகங்கள் இன்றும் வாழ்கின்றன. 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் அவர்களுடைய மீன்பிடி உரிமையைப் பறித்துவிட்டதாகவே அரசு பல காலம் நடத்திவந்தது. 2018இல்தான் தீர்வு எட்டி, அந்த உரிமையை ஏற்று, மன்னிப்பும் கேட்டார்கள். ஆகவே உங்களுக்கு மூடிய நாளில் அங்கே யாராவது மீன் பிடிப்பதைக் கண்டால் "அவர்களுக்கு மட்டும் ஏன்" என்று முறைப்பாடு செய்ய ஓடாதீர்கள். அது அவர்களுடைய தண்ணீர், அவர்களுடைய ஒப்பந்தம்.

தின்பதைப் பற்றி ஒன்று. ஒன்ராறியோ அரசு மீன் உண்ணும் வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறது. எந்த ஏரி, எந்த மீன், எவ்வளவு நீளம், மாதத்துக்கு எத்தனை வேளை என்று சொல்லும். பிள்ளைகளுக்கும் கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களுக்கும் தனிக் கணக்கு. பாதரசமும் பிசிபி என்ற நச்சு இரசாயனமும் பெரிய மீனில்தான் அதிகம் சேரும். முக்கியமாக ஒன்ராறியோ ஏரியில் பிடிக்கும் பெரிய சால்மனையோ கெண்டையையோ வாராவாரம் சமைப்பதற்கு முன் அதைப் பாருங்கள். உள்நாட்டு ஏரியின் உள்ளங்கை அளவுப் புளூகில், பேர்ச் பற்றி நான் அவ்வளவு யோசிப்பதில்லை.

அதிகாரி வருவார். வாரண்ட் இல்லாமல் உங்கள் கூலரையும் வாளியையும் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. பதறத் தேவையில்லை, கேட்பதற்கு முதலே லைசென்ஸையும் அடையாள அட்டையையும் எடுத்து நீட்டுங்கள். எனக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் "எங்கே ஏறுது?" என்று கேட்டு, மேற்கில் இன்னும் இருநூறு மீற்றர் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது: கலண்டரில் மூன்றாவது சனியை வட்டமிடுவேன், தந்தையர் தினம் அதற்கு முன் வந்தாலும் சரி. நீங்களும் மனைவியும் கன்சர்வேஷன் லைசென்ஸ், இரண்டு பாஸ் உங்களுக்கு, இரண்டு அவருக்கு. அப்பாவுக்கு ஒரு நாள் லைசென்ஸ். வயதான கைக்கு ரீல் சுற்றுவது வராது. நீளமான ஒரு கம்பில் தங்கூசி கட்டி, தக்கை போட்டு, ஊரில் குளக்கட்டில் இருந்து போட்டது மாதிரியே கொடுங்கள். விதிப்படி அதுவும் ஒரு தூண்டில்தான். அன்றைக்கு எல்லாரையும்விடக் கூடப் பிடிக்கப்போவது அவர்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.